மண்டபம் வடக்குக் கடல்ல ஒரு நாள்: காத்து மாற மாற பிளான மாத்துன கதை

பாம்பன், மண்டபம் பக்கம் சொந்தக்காரங்க இருக்கறவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான், அங்க கடல் ரெண்டு. ரோட்டுக்குத் தெக்க மன்னார் வளைகுடா, வடக்க பாக் விரிகுடா. மண்டபத்துல ஒரு கடல்ல கால நனைச்சுட்டு இன்னொரு கடலுக்கு நடந்தே போயிடலாம். தெக்குக் கடல ஆண்கடல்னும் வடக்குக் கடல பெண்கடல்னும் ஊர்ல சொல்லுவாங்க. அதக் கேட்டுட்டு வடக்குப் பக்கம் எப்பவும் சாதுன்னு நெனச்சுறக் கூடாது. கச்சான், அதாவது தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசங்கள்ல, சித்திரை வைகாசில தொடங்கி புரட்டாசி வரைக்கும், தெக்குக் கடல் கொந்தளிச்சுக்கிட்டு கிடக்கும், வடக்குக் கடல் அமைதியா இருக்கும். ஐப்பசி கார்த்திகையில வாடை, அதாவது வடகெழக்குக் காத்து கிளம்பிருச்சுன்னா அப்படியே தலைகீழா மாறிடும், வடக்குல அலை கரைய வந்து அடிக்கும், தெக்குல படகு சும்மா மிதக்கும். அதனால குடும்பத்தோட கடலுக்குப் போகணும்னு யாராவது எங்கிட்ட கேட்டா, எந்தத் தேதின்னு கேக்கறதுக்கு முன்னாடி எந்த மாசம், எந்தக் கடல்னுதான் நான் கேப்பேன்.

நாங்க போனது புரட்டாசி பாதிக்கு மேல, அக்டோபர் ஆரம்பம். அம்மாவோட தம்பி, என் சின்ன மாமா, உச்சிப்புளிக்கு வடக்க ஒரு மீனவக் கிராமத்துல இருக்காரு, சொந்தமா ஒரு நாட்டுப்படகு, டீசல் இன்ஜின் வச்ச வல்லம். பிள்ளைங்க ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தாங்க, காலாண்டு லீவும் வந்துச்சு. கச்சான் ஓய்ஞ்சு வாடை இன்னும் பிறக்காத நேரம் அது, பலமான காத்துன்னு ஒண்ணும் இருக்காது. ஆனா வானம் ஒரே நாள்ல நாலு தடவை மாறும், காலையில பளிச்சுன்னு இருக்கும், மத்தியானம் மேகம் கட்டும், சாயங்காலம் இடி இடிச்சு கொட்டித் தீக்கும், ராத்திரி நட்சத்திரம் தெரியும். மாமாகிட்ட கேட்டப்ப அவரு ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாரு. "மாப்ள, எங்க போறோம்னு இப்ப சொல்ல மாட்டேன். காலையில காத்தப் பாத்துட்டுச் சொல்றேன். பாதியில திரும்புவோம்னு சொன்னா ஏன்னு கேக்கக் கூடாது. சம்மதம்னா பிள்ளைகளக் கூட்டிட்டு வா." அன்னிக்கு நாள் நல்லபடியா போனதுக்கு இந்த ஒரு பேச்சுதான் காரணம்னு நான் உறுதியா நம்புறேன். இந்த இடத்துக்குப் போயே ஆகணும், இத்தன மணிக்கு அதப் பாத்தே ஆகணும்னு கடலுக்குப் போனா அங்க ஆரம்பிக்குது பிரச்சனை. போய்ச் சேர வேண்டிய இடம்னு ஒண்ணு இல்லாதப்ப திரும்பறது யாருக்கும் ஏமாத்தமா தெரியாது.

முந்தின நாள் ராத்திரி நான் போன்ல பாத்ததையும் சொல்றேன், யாருக்காவது உதவும். முதல்ல வானிலை மையத்தோட மீனவர் எச்சரிக்கை, தமிழ்லயே வருது. அதுல மன்னார் வளைகுடான்னோ குமரிக்கடல்னோ பேரு போட்டு மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர்னு இருந்தா அந்தப் பக்கம் பேச்சே கிடையாது. அடுத்து ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் மையம் போடுற கடல் நிலை முன்னறிவிப்பு, அதுல அலை உயரம் இருக்கும். தெக்குக் கடலுக்குப் போறவங்க அதக் கட்டாயம் பாக்கணும், ஏன்னா இந்தியப் பெருங்கடல்ல எங்கயோ தூரத் தெக்க அடிச்ச புயலோட அலை ரெண்டு மூணு நாள் கழிச்சு இங்க காத்தே இல்லாத நாள்ல வந்து கரையில ஏறும், கேரளாவுல அதத்தான் கள்ளக்கடல்னு சொல்றாங்க. வடக்குக் கடலுக்கு ராமேஸ்வரம் தீவும் ராமர் பாலத்து மணல் திட்டுகளும் மறைப்பா இருக்கறதால அந்தப் பெரிய அலை உள்ள வர்றதில்ல. மூணாவது விண்டி ஆப், அதுல எல்லாரும் சராசரி காத்து வேகத்த மட்டும் பாக்கறாங்க, கஸ்ட்னு தனியா ஒண்ணு இருக்கும், திடீர்னு வீசுற வேகம், படகுல இருக்கறவனுக்கு அதுதான் முக்கியம். பாம்பன் துறைமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டு எதுவும் ஏத்தியிருக்காங்களான்னு மாமா ஃபோன் போட்டுக் கேட்டாரு. ஒண்ணாம் நம்பர்னா புயல் சின்னம் எங்கயோ தூரத்துல இருக்குன்னு அர்த்தம். அதுக்கே அவரு குடும்பத்த ஏத்த மாட்டாரு.

ஆனா ஆப்ப விட ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சுது. விடியக்காலம் நாலரைக்கு மாமா கரையில போய் நின்னு பத்து நிமிஷம் ஒண்ணும் பேசல. காத்து கழுத்துல எந்தப் பக்கம் படுதுன்னு பாக்குறாரு, மேக்க மின்னல் வெட்டுதான்னு பாக்குறாரு, அலை கரையில விழுற சத்தத்தக் கேக்குறாரு. அப்புறம் ஏற்கனவே கடல்ல இருந்து வந்தவங்க ரெண்டு பேருகிட்ட உள்ள எப்படி இருக்குன்னு விசாரிக்கிறாரு. ஆப் சொல்றது பல கிலோமீட்டருக்கு ஒரு கணக்கு, கரையேறுனவன் சொல்றது ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி அவன் கண்ணால பாத்தது.

லைஃப் ஜாக்கெட் பத்தி கொஞ்சம் விளக்கமாவே சொல்லணும். படகுல இருந்தது எல்லாம் பெரியவங்களுக்கு உள்ளது. பிள்ளைங்களுக்கு மதுரையிலேயே அளவு பாத்து வாங்கிட்டுத்தான் வந்தோம். போட்டு விட்டதும் ரெண்டு தோள்பட்டையையும் பிடிச்சு மேல தூக்கிப் பாக்கணும், ஜாக்கெட் காது வரைக்கும் ஏறுச்சுன்னா அது அந்தப் பிள்ளைக்குப் பெருசு, தண்ணிக்குள்ள விழுந்தா ஜாக்கெட் மட்டும் மேல மிதக்கும் பிள்ளை உள்ள நழுவிரும். சின்னப் பிள்ளைங்களுக்கு கால் நடுவுல போடுற பட்டை இருக்கறதா பாத்து வாங்குங்க. வெயிலுக்குக் கழட்டலாமான்னு சின்னவ பத்து தடவை கேட்டா, தாத்தாவே கழட்டல பாருன்னு காமிச்சதும் அடங்கிட்டா, மாமா அன்னிக்கு அவளுக்காகவே போட்டுக்கிட்டு இருந்தாரு.

தண்ணி ஆளுக்கு மூணு லிட்டர், மோர் தனியா. காலையில இட்லி மட்டும், பூரி வடைக்குத் தடை. வீட்டுக்காரிக்கு பஸ்லயே தலை சுத்தும்கறதால டாக்டர்கிட்ட கேட்டு அவோமின் வாங்கி ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டாச்சு, குமட்ட ஆரம்பிச்ச பிறகு மாத்திரை போட்டு பிரயோஜனம் இல்ல. உக்கார வேண்டிய இடம் படகோட நடுவுக்கும் பின்னுக்கும் இடையில. அணியத்துல, அதாவது படகோட முன்பக்கம் உக்காந்தா பாக்க நல்லா இருக்கும், ஆனா ஆட்டம் பூராவும் அங்கதான். செல்போன குனிஞ்சு பாக்காம தூரத்துல கரையப் பாத்துக்கிட்டே வரணும். ஆளாளுக்கு முழுக்கை சட்டை, தொப்பி, ஒரு டிரை பேக்ல மாத்துத் துணி, ஆதார், போன். கடலோரக் காவல் படகு வந்தா அடையாள அட்டை கேப்பாங்க, மாமா முந்தின நாளே ஊர்த் தலைவர்கிட்டயும் கடலோரக் காவல் ஸ்டேஷன்லயும் குடும்பத்தோட போறதா சொல்லி வச்சிருந்தாரு. பொம்பளைங்க கூட வர்றப்ப யாரும் வெளிய பேசாத ஒரு விஷயம் பாத்ரூம். மாமாவோட படகுல அதெல்லாம் கிடையாது. அதனால ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒருக்க கரை ஒதுங்குற மாதிரித்தான் போனோம், அரியமான் பீச், அப்புறம் மண்டபம். இத முன்னாடியே பேசி வச்சதால அம்மாவும் வீட்டுக்காரியும் தண்ணி குடிக்கத் தயங்கல. பாத்ரூம் இல்லைன்னு தண்ணி குடிக்காம இருந்து வெயில்ல மயங்கி விழுந்த கதை ஊர்ல நிறைய உண்டு.

அஞ்சே முக்காலுக்கு கிளம்பினோம். கடல் எண்ணெய் ஊத்தி வச்ச மாதிரி கிடந்துச்சு. கரைக்காத்து லேசா தெக்க இருந்து வருது, படகு போற கோடு பின்னாடி ரொம்ப தூரம் கலையாம நிக்குது. மச்சான், மாமாவோட பையன், இன்ஜின் பக்கம், மாமா சுக்கான் பக்கம். கரையோரமாவே கெழக்க, பாம்பன் பக்கம் போறதுன்னு அப்பதான் முடிவாச்சு. காத்து இல்லாத காலை நேரத்துல முதல்ல தூரமா இருக்கறத முடிச்சுட்டு, காத்து வர்ற நேரத்துக்கு வீட்டப் பாத்து வந்துக்கிட்டு இருக்கணும்னு மாமா சொன்னாரு. மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகம்கூட இல்ல, பிள்ளைங்களுக்கு முதல்ல போரடிக்குமோன்னு பயந்தேன். ஆனா மெதுவா போறப்பதான் கடலடி தெரியுது. இந்தப் பக்கம் ஆழம் கம்மி, பாக் விரிகுடா பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள்ளதான், கரையோரம் ஆளுயரம் கூட இல்ல. தண்ணி தெளிஞ்சிருந்த இடத்துல கடல் புல் அப்படியே வயல் மாதிரித் தெரிஞ்சுது. ஆவுளியா, அதாவது கடல்பசு மேயுறது இந்தப் புல்லத்தான். வடக்க தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டத்துக் கடல்ல 448 சதுர கிலோமீட்டர 2022-ல கடல்பசுப் பாதுகாப்பகமா அறிவிச்சாங்க, நம்ம நாட்டுல அதுதான் முதல். மாமா சின்ன வயசுல வலையில ஆவுளியா மாட்டுனதப் பாத்திருக்காராம், இப்பல்லாம் தப்பித் தவறி மாட்டுனாலும் வலைய அறுத்து விட்டுருவோம்னாரு. எங்களுக்கு அன்னிக்கு ஒண்ணும் கண்ணுல படல. ஆலாப் பறவைங்க கூட்டமா தண்ணியில குத்திக் குத்தி எந்திரிச்சதும், செம்பருந்து ஒண்ணு படகுக்கு மேலயே கொஞ்ச நேரம் வந்ததும் பிள்ளைங்களுக்குப் போதுமா இருந்துச்சு.

நங்கூரம் போடுறப்ப மாமா புல் இல்லாத மணல் திட்டாப் பாத்து, வெள்ளையா தெரியிற இடத்துல போட்டாரு. புல்லுல போட்டா பிடிக்காம இழுத்துக்கிட்டே வரும், புல்லையும் பேத்துரும், ரெண்டு பக்கமும் நஷ்டம். கயிறு ஆழத்தப் போல அஞ்சு மடங்கு விட்டாரு. நேரா கீழ தொங்குற மாதிரி விட்டா நங்கூரம் கொத்தாது, சாஞ்சு இழுத்தாத்தான் மண்ணக் கவ்வும். அங்க ஒரு முக்கா மணி நேரம் தூண்டில் போட்டாங்க. பெரியவன் ஒரு ஓரா மீனப் பிடிச்சுட்டான், அவன் தொடப் போறதுக்குள்ள மச்சான் கையத் தட்டி விட்டான், ஓராவோட முள்ளு குத்துனா கடுப்பு மணிக்கணக்கா போகாது. புதுசா கடலுக்கு வர்றவங்க பிடிச்ச மீன எதையும் தெரிஞ்சவங்க கழட்டிக் குடுக்கற வரைக்கும் தொடாம இருக்கறது நல்லது.

அதுக்கு அடுத்து கடல்பாசி வளக்குற இடம். மூங்கில்ல சதுரமா கட்டுன தெப்பங்க வரிசை வரிசையா கிடக்கும், பாசிய அதுல கட்டித் தொங்க விட்டிருப்பாங்க, இந்தக் கரையில ஏகப்பட்ட பொம்பளைங்களுக்கு இதுதான் வருமானம். அதுக்கு நடுவுல படகு விடக் கூடாது, கயிறு புரொப்பல்லர்ல சுத்துனா நமக்கும் சிக்கல், அவங்க அத்தன நாள் உழைப்பும் போயிரும். சுத்திப் போக அரை மணி நேரம் கூட ஆச்சு, அதனால என்ன, அன்னிக்கு எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல.

பத்து மணிக்கு மேல காத்து மாறுச்சு. கரைக்காத்து நின்னு, ஒரு அரை மணி நேரம் ஒண்ணுமே இல்லாம புழுங்கி, அப்புறம் வடகெழக்க இருந்து கடல்காத்து ஆரம்பிச்சுது. நிலம் சூடாக ஆக இது வலுக்கும், மத்தியானம் ரெண்டு மூணு மணிக்குத்தான் உச்சத்துக்குப் போகும். ஆழம் இல்லாத கடல்ல இதுதான் விஷயம், அலை உயரமா வராது, ஆனா கிட்டக் கிட்ட குத்தா வரும், படகு ஒண்ணுல ஏறி இறங்குறதுக்குள்ள அடுத்தது வந்து தட்டும். அங்கங்க வெள்ளை நுரை தெரிய ஆரம்பிச்சதும் மாமா பிள்ளைங்கள நடுவுக்கு வரச் சொல்லிட்டாரு. வெள்ளை நுரை ஒண்ணு ரெண்டு தெரிஞ்சா கவனம், கண்ணுக்கெட்டுன வரைக்கும் தெரிஞ்சா கரைய ஒதுங்கு, அவ்வளவுதான் அவரோட கணக்கு. எனக்கு இது காத்து வேகத்த நாட்ல (knot) சொல்ற கணக்க விட சுலபமா மனசுல நின்னுச்சு.

அந்த நேரம் பாத்து இன்ஜின் சூடேற ஆரம்பிச்சுது. கூலிங் தண்ணி பின்னாடி பீச்சி அடிக்கணும், அது சொட்டுச் சொட்டா வருது. மச்சான் சத்தத்த வச்சே கண்டுபிடிச்சு உடனே இன்ஜின நிறுத்திட்டான். காத்து கிளப்புனதுல அறுந்த கடல் புல்லு மிதந்து வந்து தண்ணி உறிஞ்சுற வாய அடைச்சிருக்கு. மாமா மொத வேலையா செஞ்சது இன்ஜினத் தொறக்கறது இல்ல, நங்கூரத்தப் போட்டது. கடல்காத்து கரையப் பாத்துத் தள்ளுது, தள்ளிக்கிட்டே போனா பாறையிலயோ பாசித் தெப்பத்துலயோ போய் நிக்கும், அதனால இன்ஜின் நின்னா முதல்ல படக ஒரு இடத்துல நிறுத்து, அப்புறம் ரிப்பேர். கால் மணி நேரத்துல புல்லப் பிடுங்கிப் போட்டுட்டு, ஆறுனதும் ஸ்டார்ட் பண்ணியாச்சு. டூல் பாக்ஸ், ஒரு உபரி பெல்ட், இம்பெல்லர், வாளி, டார்ச் எல்லாம் அவரு படகுல எப்பவும் இருக்கு. டீசலுக்கும் ஒரு கணக்கு வச்சிருக்காரு, போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கடலுக்குன்னு ஒரு பங்கு. அந்த மூணாவது பங்க எந்த நாளும் கணக்குல சேக்கறதில்ல.

பாம்பன் பாலத்த தள்ளி நின்னுதான் பாத்தோம். 1914-ல திறந்த பழைய ரயில் பாலம், பக்கத்துல 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலம், ரெண்டையும் தாண்டி 1988-ல இருந்து பஸ் போற ரோட்டுப் பாலம். புதுப் பாலத்துல நடுவுல 72 மீட்டருக்கு மேல நீளமான ஒரு துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி செங்குத்தா 17 மீட்டர் மேல போகும், பழசு ஓடுன காலத்துல அது ரெண்டு இலையா பிரிஞ்சு தூக்கும். பெரியவனுக்கு பாலத்துக்கு அடியில போய் அந்தப் பக்கக் கடலப் பாக்கணும்னு ஆசை. மாமா ஒத்துக்கல. ரெண்டு கடலும் ஒண்ண ஒண்ணு பாக்குற வாசல் அது, கச்சான் காலத்துல தெக்க இருந்து வடக்க, வாடைக் காலத்துல வடக்க இருந்து தெக்க தண்ணி இழுத்துக்கிட்டு ஓடும், அடியில பாறை, தூணுகிட்ட சுழிப்பு. வேலையா போறவன் போகட்டும், வேடிக்கை பாக்க வந்தவனுக்கு அங்க என்ன வேலைன்னு முடிச்சுட்டாரு. அந்தக் கரையில 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயலப் பத்தி பேசாத வீடு கிடையாது, தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில கடல் அப்படியே வாரிக்கிட்டுப் போச்சு, ஊரே அழிஞ்சுது, பாலமும் உடைஞ்சு அத 46 நாள்ல சரி பண்ணாங்க. மாமாவுக்கு அவங்க அப்பா சொன்ன கதை, அவரு என் பிள்ளைங்களுக்குச் சொன்னாரு. பையன் அப்புறம் பாலத்துக்கு அடியில போகணும்னு கேக்கல.

மண்டபத்துக்கு மேக்க ஒதுங்கி நங்கூரம் போட்டு சாப்பிட்டோம். அத்தை வீட்டுல இருந்து குடுத்து விட்ட சோறு, புளிக்குழம்பு, அதுல காலையில பிடிச்ச ஓராவ மச்சான் ஸ்டவ்ல போட்டு கொதிக்க வச்சான். வெயிலுக்கு தார்ப்பாய் கட்டியிருந்தோம், காத்தும் கொஞ்சம் பழகிப் போச்சு, அம்மா படுத்துத் தூங்கிட்டாங்க. எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் அன்னிக்கு பூராவுலயும் ரொம்பப் பிடிச்சது, யாரும் எதுவும் செய்யல, கயிறு முறுக்குற சத்தமும் படகு தட்டுற சத்தமும்தான்.

ஒண்ணரை மணி வாக்குல மேக்க, ராமநாதபுரம் பக்கம், நிலத்துக்கு மேல மேகம் எழும்ப ஆரம்பிச்சுது. முதல்ல காலிஃபிளவர் மாதிரி வெள்ளையா, ஓரம் கத்தரிச்சு விட்டாப்புல தெளிவா இருந்துச்சு. அப்படித் தெளிவா இருந்தா இன்னும் வளருதுன்னு அர்த்தம். ரெண்டு மணிக்கெல்லாம் உச்சி தட்டையா பரவிருச்சு, அடிப்பக்கம் கருநீலம். எங்க வீடு இருக்கறது அதே மேக்கதான். கரையோரமா போனா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, போயிரலாம்னு எனக்குத் தோணுச்சு, மச்சானும் போயிரலாம்பான்னான். மாமா மேகத்தப் பாத்துட்டு கை கடிகாரத்தப் பாத்தாரு. "நாம அதப் பாத்துப் போறோம், அது நம்மளப் பாத்து வருது. நடுவுல சந்திக்கணுமா?" அவ்வளவுதான். நங்கூரத்தத் தூக்குங்க, மண்டபத்துலயே கரையேறுறோம்னுட்டாரு.

இடி மேகத்துல மழைக்கு முன்னாடி வர்ற காத்துதான் ஆபத்து. மேல குளிர்ந்த காத்து மழையோட கீழ விழுந்து தரையில மோதி நாலாபக்கமும் பாயும், மழை இன்னும் கிலோமீட்டர் கணக்குல தள்ளி இருக்கறப்பவே அது வந்து அடிச்சிரும். அடையாளம் என்னன்னா, அதுவரைக்கும் வீசிக்கிட்டு இருந்த கடல்காத்து சட்டுன்னு நிக்கும், மண் வாசனை வரும், உடம்புல குளிர் தட்டும், தூரத்துல தண்ணி மேல கருப்பா ஒரு கோடு ஓடி வர்றது தெரியும். கடல்காத்து நின்ன உடனே மாமா தார்ப்பாய அவுக்கச் சொன்னாரு, இத நான் எங்கயும் படிச்சதில்ல. கட்டி விட்ட தார்ப்பாய் அந்தக் காத்துல பாய் மரமாயிரும், படகக் கவுத்துரும். தூண்டில் கம்பெல்லாம் கீழ படுக்க வச்சாச்சு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல பையன் எண்ணிக்கிட்டு வந்தான், மூணு நொடிக்கு ஒரு கிலோமீட்டர்னு சொல்லிக் குடுத்திருந்தேன். முதல்ல நாப்பது, அப்புறம் முப்பது. முப்பதுக்குக் கீழ போயிருச்சுன்னா திறந்த வெளியிலயோ தண்ணியிலயோ இருக்கவே கூடாது, திறந்த படகுல உசரமா நிக்கறது மனுஷன் மட்டும்தான். எண்ணிக்கை இருபத்தஞ்சுக்கு வர்றப்ப நாங்க வடக்குத் துறையில பிள்ளைங்கள ஏத்தி விட்டுக்கிட்டு இருந்தோம்.

கருப்புக் கோடு வந்து தொட்டதும் அது வரைக்கும் இருந்த கடலே வேற. கரையில இருந்து கடலுக்குத் தள்ளுற காத்து, அதனால கரையோரம் அலை பெருசா இல்ல, ஆனா தண்ணியப் பிச்சு புகையா அடிச்சுக்கிட்டுப் போகுது, கட்டியிருந்த படகெல்லாம் ஒரே நேரத்துல திரும்புது. இந்த மாதிரி காத்துல இன்ஜின் நின்ன சின்னப் படகு கரையத் தொட முடியாம உள்ள உள்ள போயிரும். கெழக்க தள்ளிட்டுப் போனா இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவுல 1974-ல போட்ட எல்லைக்கோடு வேற அங்க இருக்கு, இந்த ஊர்க்காரங்களுக்கு அத விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. ஐஸ் கம்பெனி தாழ்வாரத்துல முக்கால் மணி நேரம் நின்னோம், அங்க வேலை பாக்குறவங்க டீ வாங்கிக் குடுத்தாங்க. அந்த நேரத்துல ரெண்டு நம்பர போன்ல சேத்து வச்சுக்கங்கன்னு மச்சான் எல்லாருக்கும் சொன்னான், கடல்ல ஆபத்துன்னா கோஸ்ட் கார்டு 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் 1093. பேசுறப்ப எத்தன பேரு, கடைசியா ஜிபிஎஸ்ல என்ன எண் காட்டுச்சு, இந்த ரெண்டையும் முதல்ல சொல்லணும், சிக்னல் எப்ப போகும்னு தெரியாது.

நாலரைக்கு மழை விட்டுருச்சு. காத்தே இல்ல, கடல் திரும்பவும் காலையில இருந்த மாதிரி ஆயிருச்சு. இப்ப கிளம்புனா இருட்டுறதுக்குள்ள போயிரலாம்னு நாங்க எல்லாரும் எந்திரிச்சுட்டோம். மாமா தெக்க காமிச்சாரு, தீவுப் பக்கம் இன்னொரு மேகம். அது வந்தாலும் வரும், வராமலும் போகும், வராம போகும்னு நம்பி நான் அக்கா பேரப்பிள்ளைகள ஏத்த முடியாதுன்னு சொல்லிட்டு, தெரிஞ்சவரு படகு கட்டுற இடத்துல வல்லத்த ரெண்டு கயிறு போட்டுக் கட்டிட்டு, எல்லாரையும் ராமநாதபுரம் பஸ்ல ஏத்தி உச்சிப்புளில இறக்குனாரு. அந்த இன்னொரு மேகம் வரவே இல்ல, சாயங்காலம் அருமையா இருந்துச்சு. அதுக்காக யாரும் அவர ஒரு வார்த்தை சொல்லல, அவரும் அதப் பத்தி ஒண்ணும் பேசல. படக விட்டுட்டு பஸ்ல வர்றதுக்கு மனசு வர்ற ஆளுகூடத்தான் நான் பிள்ளைகளக் கடலுக்கு அனுப்புவேன், இன்ஜின் எவ்வளவு பெருசு, அனுபவம் எத்தன வருஷம் எல்லாம் அதுக்கு அப்புறம்.

இதப் படிச்சுட்டு மண்டபத்துக்கு வந்து யாராவது மீன்பிடிப் படகுல காசு குடுத்து ஏறப் பாக்காதீங்க. மீன்பிடிப் படகுல டூரிஸ்ட் ஏத்த அனுமதி கிடையாது, ஏதாவது ஆச்சுன்னா அந்தக் குடும்பத்தோட பொழப்பு போயிரும். தெக்குப் பக்கம் இருக்கற 21 தீவும் 1986-ல இருந்து கடல்வாழ் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாம எந்தத் தீவுலயும் கால் வைக்கக் கூடாது. வனத்துறையே படகு விடுறாங்க, பாம்பன் குந்துகால்ல இருந்து குருசடைத் தீவுக்கும், தொண்டிப் பக்கம் காரங்காட்டுல அலையாத்திக் காட்டுக்குள்ளயும். காரங்காட்டுல ஊர்ப் பொம்பளைங்க சமைக்கிற நண்டும் கணவாயும் கிடைக்கும், முன்னாடியே சொல்லி வைக்கணும். எதுவா இருந்தாலும் காலையில முதல் படகுல போங்க, மத்தியானப் படகு காலியா இருக்குன்னு ஆசைப்படாதீங்க. வனத்துறை ஆளுங்க இன்னிக்குக் கடல் சரியில்ல படகு விடலன்னு சொன்னா அவங்ககிட்ட மல்லுக்கட்டாதீங்க, ஊருக்கு இவ்வளவு தூரம் வந்தோமேன்னு சொல்றத தயவுசெஞ்சு விட்டுருங்க. அந்த நாள்ல பாக்க தேவிபட்டினத்துல கடலுக்குள்ள நிக்கிற நவபாஷாணம் இருக்கு, குந்துகால்ல 1897 ஜனவரி 26 அன்னிக்கு விவேகானந்தர் யாழ்ப்பாணத்துல இருந்து வந்து இறங்குன இடத்துல நினைவு மண்டபம் இருக்கு, ரெண்டையும் கரையில நின்னே பாக்கலாம்.

மறுநாள் விடியக்காலம் மாமாவும் மச்சானும் நானும் முதல் பஸ்ஸுக்கே மண்டபம் போனோம். படகுல முழங்கால் தண்ணி, அத இறைச்சு முடிக்கவே நேரம் ஆச்சு. இன்ஜின் பெட்டிய மூடி வச்சிருந்ததால உள்ள ஒரு சொட்டு போகல. வர்ற வழியில மாமா சொன்னாரு, வாடை கிளம்புனா இனி இந்தப் பக்கம் வேண்டாம், பொங்கல் லீவுக்குப் பிள்ளைகளக் கூட்டிட்டு வா, குந்துகால்ல வனத்துறைப் படகுக்கு நானே பேர் குடுத்து வைக்கிறேன், எனக்கும் ஒரு டிக்கெட் சேத்துப் போட்ருன்னு.